முக்கால் மில்லிநொடி வெற்றுச் சுழற்சி: டைமர் முழுமையாக்கல் பிழை குறித்த ஒரு நிகழ்வு ஆய்வு

இடமும் அமைப்பும்

பொள்ளாச்சிக்கு மேற்கே, கோபாலபுரத்துக்கும் கொழிஞ்சாம்பாறைக்கும் இடைப்பட்ட எல்லையோர ஊர்கள் பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர் வட்டத்தைச் சேர்ந்தவை என்றாலும், அங்குள்ள பெரும்பாலான வீடுகளில் பேச்சு தமிழ்தான், பயிர் தென்னை. 1970இல் கையெழுத்தான பரம்பிக்குளம்–ஆழியாறு ஒப்பந்தப்படி ஆண்டுக்கு 7.25 டி.எம்.சி. நீர் மணக்கடவில் கேரளத்துக்கு அளந்து விடப்படுகிறது. சித்தூர்ப்புழை ஆயக்கட்டு அந்த நீரை நம்பியிருக்கிறது. வாய்க்காலில் நீர் வராத வாரங்களிலும், வாய்க்கால் எட்டாத மேட்டு நிலங்களிலும் ஆழ்துளைக் கிணறுதான் கதி. ஆகவே எந்தக் கிணற்றில் எவ்வளவு நீர் இறைக்கப்பட்டது, மோட்டார் நின்ற பிறகு நீர்மட்டம் எவ்வளவு நேரத்தில் மீண்டு வந்தது என்பவை அங்கே வெறும் புள்ளிவிவரங்கள் அல்ல. பங்குக் கிணற்றுக்காரர்களிடையே தகராறு வராமல் காக்கும் கணக்கு.

அந்தக் கணக்கை வைப்பதற்காகத் தென்னை விவசாயிகள் குழு ஒன்று, தன் பொறுப்பிலுள்ள மோட்டார் கொட்டகைகளில் அளவுப்பெட்டிகளைப் பொருத்தியிருந்தது. ஒவ்வொரு பெட்டியிலும் லினக்ஸ் ஓடும் ஒற்றைக் கோர் ஆர்ம் செயலிப் பலகை ஒன்று. அதிலிருந்து மூன்று ஆர்எஸ்-485 கம்பித் தடங்கள். அவற்றில் நீரோட்ட மீட்டர்கள், கிணற்று ஆழ உணரிகள், மின்மீட்டர்கள். இவை யாவும் மோட்பஸ் ஆர்டியு நெறிமுறையில் பேசுபவை. மின்தடை நேரத்திலும் நீர்மட்டம் மீள்வதைப் பதிய வேண்டும் என்பதால் பெட்டிக்கு மின்வாரிய இணைப்பு தரப்படவில்லை. ஒரு சிறிய சூரியப் பலகையும் 12 வோல்ட் 7 ஆம்பியர்-மணி மின்கலமும் மட்டுமே இருந்தன. பெட்டிக்குள் ஓடிய நிரல் வேறோரிடத்தில் எழுதப்பட்டு, பலர் கை மாறி வந்தது. அதைப் பராமரிக்கும் பொறுப்பு பின்னர் எங்களிடம் வந்தது.

அறிகுறி

ஆனி மாதத்தில், பாலக்காட்டுக் கணவாய் வழியே மேகம் அடர்ந்து இறங்கத் தொடங்கிய பிறகு, சில பெட்டிகள் நள்ளிரவுக்குப் பின் அணைந்து, காலையில் வெயில் ஏறியதும் தாமாகவே உயிர்பெற்றன. "ராத்திரி ரெண்டு மணிக்கு மேல பொட்டி செத்துப் போயிருதுங்க தம்பி, காத்தால பாத்தா ஒண்ணுமே ஆவாத மாதிரி ஓடிட்டு இருக்குது" என்றார் கொட்டகையைப் பார்த்துக்கொள்ளும் பெரியவர். மின்கலம் பழுதாகியிருக்கும் என்று குழுவினர் ஒரு பெட்டியில் புதியதைப் பொருத்தினார்கள். பலகை மேல் நிழல் விழுகிறது என்று ஒரு தென்னையின் தாழ்ந்த மட்டைகளை வெட்டிவிட்டார்கள். அணையும் நேரம் சற்றுத் தள்ளிப்போனதே தவிர, அணைவது நிற்கவில்லை.

எல்லாப் பெட்டிகளும் அணையவில்லை என்பதுதான் முதல் துப்பு. ஒரே மேகத்தின் கீழ், ஒரே அளவுப் பலகையும் மின்கலமும் கொண்ட பெட்டிகளில் சில இரவு முழுவதும் தாக்குப்பிடித்தன. அணைந்த பெட்டிகளுக்குப் பொதுவாக இருந்தது ஒன்றே ஒன்று: மாசி மாதத்தில் அவற்றில் கூடுதல் மீட்டர்கள் இணைக்கப்பட்டு, அதற்கேற்பத் தடத்தின் வேகம் 9,600 பாடிலிருந்து 38,400 பாடாக (இங்கே ஒரு பாட் என்பது நொடிக்கு ஒரு பிட்) உயர்த்தப்பட்டிருந்தது. கூடுதல் மீட்டர்கள் கூடுதல் மின்சாரம் உண்கின்றன என்று எல்லோரும் முடிவு கட்டியதில் வியப்பில்லை. கோடை முழுவதும் வெயில் தாராளமாக இருந்ததால் யாருக்கும் அது உறைக்கவில்லை. மேகம் வந்ததும் கையிருப்பு போதவில்லை என்ற விளக்கம் முழுமையானதாகவே தோன்றியது.

அதைச் சோதிக்க மீட்டர்களைக் கழற்றிவிட்டு மல்டிமீட்டரில் பெட்டியின் மின்னோட்டத்தைப் பார்த்தோம். மின்னோட்டம் குறைந்தது, விளக்கம் மெய்ப்பிக்கப்பட்டது போலிருந்தது. ஆனால் இந்தச் சோதனையில் ஒரு பொறி இருக்கிறது. மீட்டரைக் கழற்றும்போது அது உண்ணும் மின்சாரம் மட்டும் நிற்பதில்லை. அதனோடு நிரல் நடத்தும் உரையாடலும் நின்றுவிடுகிறது. இரண்டையும் பிரிப்பதற்காக மீட்டர்களுக்குத் தனி மின்கலத்திலிருந்து மின்சாரம் கொடுத்து, தரவுக் கம்பிகளை மட்டும் பெட்டியோடு இணைத்துப் பார்த்தபோது, பெட்டியின் மின்னோட்டம் மீண்டும் ஏறியது. அதே நிலையில் நிரலை நிறுத்தியதும் இறங்கியது. அதிகமாக உண்பது மீட்டர் அல்ல, பெட்டிக்குள் இருக்கும் செயலிதான் என்பது அப்போது தெளிவாயிற்று.

செயலி என்ன செய்துகொண்டிருந்தது

எந்த நிரல் செயலியில் எவ்வளவு பங்கை எடுக்கிறது என்று சொல்லும் டாப் கட்டளை காட்டிய எண் யாரையும் திடுக்கிட வைக்கும் எண் அல்ல. செயலி நூறு விழுக்காட்டில் கொதித்துக்கொண்டிருந்தால் யாராவது முன்பே கவனித்திருப்பார்கள். இங்கே நிரல் இடைவிடாமல் ஒரு மிதமான பங்கை எடுத்துக்கொண்டிருந்தது. மீட்டர்களிடம் ஓயாமல் கேள்வி கேட்கும் நிரல் அந்த அளவு வேலை செய்வது இயல்புதானே என்று கடந்துபோகத் தோன்றும். இவ்வகைப் பிழைகள் நெடுங்காலம் பிழைத்திருப்பதற்கு இந்த மிதமே காரணம் என்று நினைக்கிறேன். 9,600 பாடில் ஓடும் பெட்டியில் அதே நிரல் அநேகமாக எதையுமே எடுக்கவில்லை என்பதைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோதுதான் ஐயம் வலுத்தது. வேகம் நான்கு மடங்கானால் வேலையும் ஏறத்தாழ நான்கு மடங்காக வேண்டுமே தவிர, அதைவிடப் பன்மடங்கு ஏற நியாயமில்லை.

ஒரு நிரல் கெர்னலிடம், அதாவது இயக்குதளத்தின் கருப்பகுதியிடம், விடுக்கும் அழைப்புகளைப் பட்டியலிடும் எஸ்ட்ரேஸ் கருவியை நிரலின் மேல் வைத்ததும் உண்மை திரையில் ஓடியது. நிரல் ஒரு மீட்டரின் விடையைப் படிக்கிறது. பின்னர், ஏதேனும் நிகழும் வரையோ குறித்த நேரம் முடியும் வரையோ நிரலை உறங்கவைக்கும் ஈபோல் வெயிட் என்ற கெர்னல் அழைப்பை 1 மில்லிநொடி காத்திருப்போடு அழைக்கிறது. அது எதுவும் நிகழாமல் திரும்புகிறது. அடுத்து அதே அழைப்பு 0 மில்லிநொடி காத்திருப்போடு வருகிறது, உடனே திரும்புகிறது. மீண்டும் 0, மீண்டும் 0, இப்படியே வரிசையாக. பிறகு ஒருவழியாக அடுத்த கேள்வி தடத்தில் எழுதப்படுகிறது. ஒவ்வொரு உரையாடலுக்குப் பின்னும் இதே கோலம். எஸ்ட்ரேஸ் ஒவ்வொரு அழைப்பையும் நிறுத்தி எழுதிக்கொள்வதால் அது காட்டும் எண்ணிக்கை உண்மையைவிடக் குறைவு. கண்காணிப்பு இல்லாதபோது அதே இடைவெளியில் நூற்றுக்கணக்கான அழைப்புகள் நடந்துவிடும்.

ஈபோல் வெயிட்டின் காத்திருப்பு அளவு மில்லிநொடியில் தரப்படும் ஒரு முழு எண். 0 என்றால் காத்திராமல் உடனே திரும்பு என்று பொருள். -1 என்றால் ஏதேனும் நிகழும் வரை காலவரையின்றிக் காத்திரு என்று பொருள். நிரலின் உள்ளே டைமர்கள் நானோநொடியில் கணக்கிடப்பட்டிருந்தன. அடுத்து முதிர வேண்டிய டைமருக்கு இன்னும் எவ்வளவு மீதி என்று, பின்னோக்கிப் போகாத மோனோடோனிக் கடிகாரத்தைப் பார்த்துக் கழித்து, அந்த மீதியை 10,00,000ஆல் வகுத்து, கிடைத்த ஈவை ஈபோல் வெயிட்டிடம் கொடுப்பதே நிகழ்வுச் சுழலின், அதாவது நிகழ்வுகளுக்காகக் காத்திருந்து கவனிக்கும் பகுதியின், வேலை. சி மொழியில் முழு எண் வகுத்தல் பின்னத்தை வெட்டிவிடும். 1.75 மில்லிநொடி மீதி என்றால் ஈவு 1. ஒரு மில்லிநொடி உறங்கி எழுந்து பார்த்தால் டைமர் இன்னும் முதிரவில்லை. முக்கால் மில்லிநொடி பாக்கி. அதை வகுத்தால் 0. ஆகவே கெர்னலிடம் "உடனே திரும்பு" என்று சொல்லிவிட்டு, திரும்பி வந்து, இன்னும் முதிரவில்லை என்று கண்டு, மீண்டும் 0. நான்கே முக்கால் மணிக்குத் தண்ணீர் முறை உள்ளவன் நான்கு மணிக்கே மடைக்கு வந்து, மூச்சுக்கு மூச்சு "ஆச்சா, ஆச்சா" என்று கேட்டுக்கொண்டே நிற்பது போன்றது இது. வேலையும் நடக்காது, தூக்கமும் போயிற்று.

கெர்னல் மேல் இதில் குற்றமில்லை. லினக்ஸ், கேட்ட நேரத்துக்கு முன்பாக எழுப்புவதில்லை. சற்றுப் பின்னால்தான் எழுப்பும். சாதாரண நிரல்களுக்கு இந்தத் தளர்வு இயல்பாக 50 மைக்ரோநொடி. ஒரு மில்லிநொடி கேட்டவனுக்கு அது ஒரு மில்லிநொடிக்குச் சற்றுக் கூடுதலாகவே கொடுத்தது. கேட்டதுதான் தவறு.

9,600 பாடில் ஏன் தெரியவில்லை

இந்த நிகழ்வில் மிகவும் சுவையான பகுதி இதுவே. வகுத்து வெட்டும் அந்த வரி நிரலில் தொடக்கம் முதலே இருந்தது. வேகம் மாறியபோது அந்த வரியை யாரும் தொடவில்லை.

மோட்பஸ் ஆர்டியுவில் ஒரு செய்தி எங்கே முடிகிறது என்பதைச் சொல்லத் தனிக் குறி எதுவும் கிடையாது. தடத்தில் நிலவும் அமைதிதான் குறி. மூன்றரை எழுத்துக்கான நேரம் தடம் அமைதியாக இருந்தால் செய்தி முடிந்தது என்று கொள்ள வேண்டும். அடுத்த செய்தியும் அந்த அமைதிக்குப் பிறகே தொடங்க வேண்டும். ஓர் எழுத்துக்கு 11 பிட். மூன்றரை எழுத்துக்கு 38.5 பிட். 9,600 பாடில் இது 4.0104 மில்லிநொடி. பின்னத்தை வெட்டினால் 4. விடுபடுவது சுமார் 10 மைக்ரோநொடி. கெர்னலோ 50 மைக்ரோநொடித் தளர்வோடு எழுப்புகிறது. ஆகவே நிரல் 4 மில்லிநொடி கேட்டுவிட்டு எழும்போது டைமர் ஏற்கெனவே முதிர்ந்திருக்கும். பூஜ்ய அழைப்புக்கே இடமில்லை. 19,200 பாடிலும் கதை இதுதான்: 2.0052 மில்லிநொடி, வெட்டுவது 5 மைக்ரோநொடி. பிழை இருந்தது, ஆனால் தளர்வு அதை முழுமையாக விழுங்கிவிட்டது.

19,200 பாடுக்கு மேற்பட்ட வேகங்களில் இந்த அமைதியை வேகத்தை வைத்துக் கணக்கிடாமல் 1.750 மில்லிநொடி என்று நிலையாக வைத்துக்கொள்ளும்படி மோட்பஸ் தொடர்த் தட விவரக்குறிப்பு பரிந்துரைக்கிறது. வேகம் ஏற ஏற எழுத்து நேரம் சுருங்கி, சிறிய செயலிகளுக்குக் குறுக்கீடுகளைக் கையாளும் சுமை கூடிவிடும் என்பது அதற்குச் சொல்லப்படும் காரணம். நிரலும் அந்தப் பரிந்துரையை ஒழுங்காகவே பின்பற்றியிருந்தது. 38,400 பாடுக்கு மாறிய அன்றே வெட்டப்படும் பின்னம் 5 அல்லது 10 மைக்ரோநொடியிலிருந்து 750 மைக்ரோநொடியாகத் தாவிவிட்டது. நிரலில் ஒரு வரி கூட மாறாமல், அமைப்புக் கோப்பில் ஓர் எண் மாறியதில் வெளிவந்த பிழை இது.

அதன் அளவைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். 38,400 பாடில் கேள்வி 8 எழுத்து, அதற்கு 2.29 மில்லிநொடி, இரண்டு பதிவேடுகள் (மீட்டர் தன் அளவுகளை வைத்திருக்கும் இடங்கள்) கொண்ட விடை 9 எழுத்து, 2.58 மில்லிநொடி, மீட்டர் விடை சொல்ல எடுக்கும் நேரம் 5 மில்லிநொடி என்று வைத்துக்கொண்டு, அமைதி 1.75ஐயும் சேர்த்தால் ஓர் உரையாடலுக்கு ஏறத்தாழ 11.6 மில்லிநொடி. இடைவிடாமல் கேட்டால் நொடிக்கு 86 உரையாடல். ஒவ்வொன்றிலும் தளர்வு போக 0.7 மில்லிநொடி வெற்றுச் சுழற்சி என்றால் நொடிக்கு 60 மில்லிநொடி, அதாவது ஒரு தடத்துக்குச் செயலியின் 6 விழுக்காடு. மூன்று தடங்களுக்கும் தனித்தனி நிகழ்வுச் சுழல் இருந்ததால், மோசமான நிலையில் 18 விழுக்காடு வரை போகலாம். இதோடு முடிவதில்லை. உறக்கத்தில் இருக்கக்கூடிய செயலி நொடிக்கு இத்தனை முறை விழித்துச் சுழன்றால், ஆழ்ந்த உறக்க நிலைக்குள் இறங்கும் வாய்ப்பும் குறைகிறது. செயலியின் வேகத்தைச் சுமைக்கேற்ப ஏற்றி இறக்கும் பகுதியோ, அந்தச் சுழற்சியை உண்மையான வேலை என்று நம்பி வேகத்தை ஏற்றிவிடுகிறது.

மின்சாரக் கணக்கில் இதை ஊதிப் பெருக்கக் கூடாது. கால் வாட் கூடுதலாகச் செலவானது என்று கொண்டால் 14 மணி நேர மேகமூட்ட இரவுப்பொழுதுக்கு 3.5 வாட்-மணி. 12 வோல்ட் 7 ஆம்பியர்-மணி மின்கலத்தின் பெயரளவுக் கொள்ளளவு 84 வாட்-மணி. ஈய-அமில மின்கலத்தைப் பாதிக்கு மேல் வடிய விடாமல் பயன்படுத்தினால் கைக்கு வருவது 42. அதாவது பிழை தனியாக ஓர் இரவில் பெட்டியைச் சாகடிக்கவில்லை. ஆனால் மேகம் தொடரும் நாள்களில் பலகை தரும் வரவு செலவை ஒட்டியே நிற்கும்போது, இந்தக் கூடுதல் நாளுக்கு நாள் சேர்ந்துகொண்டே போகும். பலகையும் மின்கலமும் தொடக்கத்திலேயே இறுக்கமாகக் கணக்கிடப்பட்டிருந்தன என்பதும் உண்மை. அதற்குத் தனியாகத் தீர்வு காண வேண்டும் என்று குழுவிடம் சொல்லிவிட்டோம்.

மீட்டர்களை இவ்வளவு அடிக்கடி கேட்பானேன், நொடிக்கு ஒருமுறை கேட்டால் போதாதா என்ற கேள்வியும் எழுந்தது. கிணற்று நீர்மட்டத்துக்கு அது போதும். சொட்டுநீர் வால்வுகள் திறந்து மூடும்போது நீரோட்டத்தைப் பிடிக்க அது போதாது. எப்படியானாலும் அது வேறு முடிவு. கேட்கும் எண்ணிக்கையைக் குறைத்திருந்தால் அறிகுறி மறைந்திருக்கும், பிழை அப்படியே உள்ளே கிடந்திருக்கும்.

திருத்தம்

வெளித்தோற்றத்தில் இது ஒரு வரித் திருத்தம்: கீழ்நோக்கி வெட்டுவதற்குப் பதிலாக மேல்நோக்கி முழுமையாக்க வேண்டும். மீதி நானோநொடிகளோடு 9,99,999ஐக் கூட்டி 10,00,000ஆல் வகுத்தால் போதும். 1.75 மில்லிநொடி 2 ஆகும். சரியாக 1 மில்லிநொடி 1 ஆகவே நிற்கும். ஒரே ஒரு நானோநொடி மீதி என்றாலும் 1 ஆகும். உறங்கி எழும்போது டைமர் உறுதியாக முதிர்ந்திருக்கும்.

அருகிலுள்ள அளவுக்கு முழுமையாக்குவது, அதாவது 0.5க்குக் கீழ் கீழேயும் அதற்கு மேல் மேலேயும் கொண்டுபோவது பயன்படாது. 2.3 மில்லிநொடிக்கு 2 கேட்டால் 0.3 மில்லிநொடிச் சுழற்சி அப்படியே மிஞ்சும். சுழற்சியைத் தவிர்க்க, அரை மில்லிநொடிக்குள் இருக்கும் டைமர்களை முதிர்ந்ததாகவே கொள்ளலாம் என்று நினைத்தால், டைமர் சொன்ன நேரத்துக்கு முன்பே அடித்துவிடும். மோட்பஸ் அமைதி ஒரு குறைந்தபட்ச அளவு. அதைவிட நீளமாக இருந்தால் பாதகமில்லை, குறைந்தால் மீட்டர் இரண்டு செய்திகளை ஒன்றாகக் கருதிக் குழம்பும். பொதுவாகவும் டைமர் என்பது "இந்த நேரத்துக்கு முன்னால் அல்ல" என்ற உறுதி. யூனிக்ஸ் வகை இயக்குதளங்களுக்கான போசிக்ஸ் தரத்தில் உறக்க அழைப்புகளுக்கு உள்ள விதியும் இதுவே. இந்த உறுதியை ஒப்புக்கொண்டால் மேல்நோக்கி முழுமையாக்குவதைத் தவிர வேறு வழி கிடையாது.

"விடை 0 என்றால் மட்டும் 1 என்று வைத்துக்கொள்" என்ற குறுக்குவழி இன்னொன்று உண்டு. அது சுழற்சியை நிறுத்தும். ஆனால் 1.75 மீதிக்கு முதலில் 1 உறங்கி, எழுந்து, 0.75க்காக மீண்டும் 1 உறங்க வேண்டும். ஒரு டைமருக்கு இரண்டு விழிப்பு. கோ மொழியின் இயக்கநூலகம் ஏறத்தாழ இப்படித்தான் செய்கிறது: ஒரு மில்லிநொடிக்குக் குறைவான காத்திருப்பை 1 ஆக்குகிறது, அதற்கு மேற்பட்டதை வெட்டுகிறது. லிப்ஈவென்ட் நூலகம் மைக்ரோநொடிகளோடு 999ஐக் கூட்டி 1,000ஆல் வகுத்து மேல்நோக்கி முழுமையாக்குகிறது. பைத்தானின் செலக்டர்ஸ் தொகுதியிலும் ஈபோலுக்கான காத்திருப்பு மேல்நோக்கியே முழுமையாக்கப்படுகிறது, 3.4 பதிப்பை ஒட்டி 2014இல் அங்கேயும் இதே பிழை கண்டு திருத்தப்பட்டது. பெரிய கூட்டம் பார்த்துக்கொண்டிருக்கும் நிரல்களே இதில் வழுக்கியிருக்கும்போது, கை மாறி வந்த சிறு நிரலில் இது இருந்ததில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

முழுமையாக்கவே தேவையில்லாத வழிகளும் இருக்கின்றன. லினக்ஸ் 5.11இல், 2021இல், நானோநொடி ஏற்கும் ஈபோல் பிவெயிட்2 வந்தது. அதற்கு நெடுங்காலம் முன்பே, 2.6.25இல், டைமரைக் கெர்னலிடமே ஒப்படைத்து அது முதிர்வதை ஒரு நிகழ்வாகப் பெற உதவும் டைமர்எஃப்டி வந்துவிட்டது. பிபோல் அழைப்பும் நானோநொடி ஏற்கும். பெட்டிகளில் இருந்த கெர்னல் 5.11க்கு முந்தையது, அதை மாற்றுவதற்காக மழைக்காலத்தில் எல்லாப் பெட்டிகளையும் கழற்றி மாட்டும் துணிவு எங்களுக்கு இல்லை. டைமர்எஃப்டி கிடைக்கும் என்றாலும், ஒவ்வோர் எழுத்து வரும்போதும் அமைதி டைமரை மறுபடி தொடங்க வேண்டியிருப்பதால், ஒவ்வொரு முறையும் கூடுதலாக ஒரு கெர்னல் அழைப்பு ஆகும். கால் மில்லிநொடித் தாமதத்தை மீட்பதற்கு அது அதிக விலை என்று தீர்மானித்தோம். தாமதத்தின் விளைவைக் கணக்கிட்டால், ஓர் உரையாடல் 11.6இலிருந்து 11.85 மில்லிநொடி ஆகிறது. நொடிக்கு 86 என்பது 84 ஆகிறது. இதை யாரும் உணரப் போவதில்லை. இதே விவரக்குறிப்பில், ஒரு செய்திக்குள் இரண்டு எழுத்துகளுக்கிடையே அதிகபட்சம் ஒன்றரை எழுத்து நேரம்தான் இடைவெளி இருக்கலாம் என்றும் ஒரு விதி இருக்கிறது. உயர்வேகத்தில் அது 750 மைக்ரோநொடி. அது அதிகபட்ச அளவு என்பதால் மேல்நோக்கி முழுமையாக்கல் அங்கே பொருந்தாது; நல்வாய்ப்பாக, அந்தச் சோதனையை நிரல் நிகழ்வுச் சுழலிடம் விடவே இல்லை.

ஒரு வரியைச் சுற்றி நின்ற மற்ற வரிகள்

அந்த ஒரு வரியை மாற்றப் போகும்போது அதன் அக்கம்பக்கத்தையும் பார்க்க வேண்டியதாயிற்று. மீதி நேரம் எதிர்மறையாகவும் வரலாம். செயலி வேறு வேலையில் இருக்கும்போது டைமர் முதிர்ந்து கடந்துபோயிருந்தால் அப்படித்தான் வரும். சி மொழியின் வகுத்தல் பூஜ்யத்தை நோக்கி வெட்டுவதால் -0.4 மில்லிநொடி 0 ஆகிவிடும், கேடில்லை. ஆனால் -1.2 மில்லிநொடி -1 ஆகும். -1 என்றால் காலவரையின்றிக் காத்திரு. டைமர் கடந்துவிட்டது என்பதாலேயே நிரல் நிரந்தரமாக உறங்கிவிடும் ஓட்டை அது. பழைய நிரலில் முதிர்ந்த டைமர்களை முதலில் இயக்கிவிட்டு அதன் பிறகே மீதியைக் கணக்கிட்டார்கள் என்பதால் இந்த ஓட்டை அநேகமாகத் திறக்கவில்லை. ஆனால் டைமர்களை இயக்கவே ஒரு மில்லிநொடிக்கு மேல் ஆகி, அதற்குள் இன்னொரு டைமர் கடந்துபோனால் திறந்துவிடும். மேல்நோக்கி முழுமையாக்கும் சூத்திரத்தில் இதே -1 விடை -1க்கும் -2க்கும் இடைப்பட்ட மீதிக்குப் பதிலாக ஏறத்தாழ -2க்கும் -3 மில்லிநொடிக்கும் இடைப்பட்ட மீதிக்கு வரும். ஓட்டை இடம் மாறுமே தவிர அடையாது. ஆகவே வகுப்பதற்கு முன்பே, மீதி 0 அல்லது அதற்குக் கீழ் என்றால் விடை 0 என்று முடித்துவிடுகிறோம்.

மறுமுனையிலும் கவனிக்க வேண்டியது இருந்தது. "எந்த டைமரும் இல்லை" என்பதைக் குறிக்க 64 பிட்டின் மிகப்பெரிய எண்ணை நிரல் பயன்படுத்தியிருந்தது. அதோடு 9,99,999ஐக் கூட்டினால் எண் வழிந்து எதிர்மறையாகலாம். குறியுள்ள முழு எண் வழிவது சி மொழியில் வரையறுக்கப்படாத நடத்தை. எனவே ஈவையும் மிச்சத்தையும் தனித்தனியே எடுத்து, மிச்சம் இருந்தால் ஈவில் 1 கூட்டும் முறையைக் கையாண்டோம். ஈபோல் வெயிட் ஏற்பது 32 பிட் எண் என்பதால் 2,14,74,83,647 மில்லிநொடிக்கு மேல், அதாவது ஏறத்தாழ 24.8 நாளுக்கு மேல், கேட்கவும் முடியாது. பெரிய விடைகளை அங்கே நிறுத்தி, விழித்த பின் மறுபடி கணக்கிட விட்டோம்.

சோதனைக்குச் செயலிப் பங்கை அளவுகோலாக வைக்கவில்லை. அது பலகைக்குப் பலகை, நாளுக்கு நாள் மாறும். மாறாக, பொய்க் கடிகாரம் ஒன்றை வைத்து இரண்டு உறுதிகளைச் சோதித்தோம். கேட்கும் காத்திருப்பு எப்போதும் மீதியைவிடக் குறையக் கூடாது. மீதியைவிட ஒரு முழு மில்லிநொடி கூடவும் கூடாது. இவற்றோடு, தடத்தில் எழுத்து எதுவும் வராதபோது ஒரு டைமர் முதிர ஒரு முறைக்கு மேல் ஈபோல் வெயிட் அழைக்கப்பட்டால் சோதனை தோற்றதாகக் கொள்ளும்படி வைத்தோம். பழைய வரியைத் திரும்ப வைத்து ஓட்டினால் இந்த மூன்றாவது சோதனை உடனே விழுகிறது. எஸ்ட்ரேஸில் கண்ட பூஜ்ய வரிசையை அது நேராகப் பிடிக்கிறது.

திருத்திய நிரலை முதலில் ஒரே ஒரு கொட்டகையில் ஏற்றி, மீட்டர்களுக்குத் தனி மின்கலம் வைத்துப் பழைய சோதனையை அப்படியே மீண்டும் நடத்தினோம். நிரல் ஓடும்போதும் நிற்கும்போதும் இருந்த மின்னோட்ட வேறுபாடு 9,600 பாடுப் பெட்டியில் கண்ட அளவை ஒட்டி வந்துவிட்டது. எஸ்ட்ரேஸில் விடை, 2 மில்லிநொடி உறக்கம், அடுத்த கேள்வி என்று மூன்றே அடிகள். அதன் பிறகே மற்ற பெட்டிகளுக்குப் போனோம்.

பின்னும் ஒன்று மிஞ்சியது. நிமிடத்துக்கு ஒருமுறை பதிவேட்டில் எழுதும் டைமர், தான் முதிர்ந்து இயங்கிய கணத்திலிருந்து அடுத்த 60 நொடியைக் கணக்கிட்டது. பழைய நிரலில் வெற்றுச் சுழற்சி டைமரைச் சரியான கணத்திலேயே பிடித்துக்கொடுத்ததால் இதன் வழுக்கல் மிகச் சிறியதாக இருந்தது. வீண் வேலைக்கு அப்படி ஒரு துல்லியம் கூலியாகக் கிடைத்திருக்கிறது. மேல்நோக்கி முழுமையாக்கிய பின் ஒவ்வொரு முறையும் ஒரு மில்லிநொடி வரை தாமதம் சேர்ந்து, மோசமான நிலையில் நாளுக்கு 1.44 நொடி வரை பதிவு நேரம் பின்தள்ளிப் போகலாம். பங்குக் கிணற்றில் இருவர் முறை மாறும் நேரத்தை இந்தப் பதிவை வைத்தே பார்க்கிறார்கள் என்பதால், அடுத்த முதிர்வை இயங்கிய கணத்திலிருந்து கணக்கிடாமல் முந்தைய முதிர்வு நேரத்தோடு 60 நொடியைக் கூட்டிக் கணக்கிடும்படி மாற்றினோம். செயலி வேறு வேலையில் சிக்கிப் பல முறைகள் தவறியிருந்தால் அவற்றையெல்லாம் அடுக்கடுக்காக எழுதாமல், தாண்டி, வரவிருக்கும் முதல் நிமிடத்துக்குப் போகும்படி வைத்தோம்.